வெள்ளை அணுக்களிடம் இருக்கும் கிருமிக்கொல்லி பெப்டைடுகள்: எப்படிக் கொல்கின்றன, ஏன் மருந்தாகவில்லை?

கேட்கப்பட்டது இது: "நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஆன்டிபயாட்டிக் போன்ற பொருட்களைத் தாங்களே தயாரித்து வைத்திருக்கின்றன என்று படித்தேன். அவை கிருமியை எப்படிக் கொல்கின்றன, நம்மை ஏன் கொல்வதில்லை? அவ்வளவு நல்ல பொருள் என்றால் அதையே ஊசியாகப் போடலாமே? வைட்டமின் டி சாப்பிட்டால் அவை பெருகும் என்பது உண்மையா?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நேரடியான பதில் உண்டு. மூன்றாவதுக்கு மருந்து ஆராய்ச்சியின் தோல்விகள்தான் பதில். நான்காவதில் உண்மையும் வியாபாரமும் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரித்தெடுக்க முந்தைய மூன்றும் தேவைப்படும் என்பதால் கடைசியில் வருகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும்போது ஆண்டுதோறும் வரும் குழப்பம் இது. பெப்டைடு என்றதும் பலர் ஆன்டிபாடியை, அதாவது தடுப்பூசி போட்டால் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. ஆன்டிபாடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய மூலக்கூறு. ஒரு குறிப்பிட்ட கிருமிக்கென்றே உருவாவது. புதிய கிருமி வந்தால் தயாராகப் பல நாட்கள் பிடிக்கும். நாம் பேசப்போகும் பெப்டைடுகளோ பெரும்பாலும் முப்பது, நாற்பது அமினோ அமிலங்களுக்குள் முடிந்துவிடும் சின்னச் சங்கிலிகள். எந்தக் கிருமி வந்தது என்று அவை விசாரிப்பதில்லை. தொற்று வருவதற்கு முன்பே தயாராகிக் காத்திருப்பவை. பூச்சி, தவளை, தாவரம், மனிதன் என எல்லா உயிர்களிடமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஆன்டிபாடியே இல்லாத பூச்சிகள் கிருமி நிறைந்த மண்ணிலும் குப்பையிலும் பிழைத்துக் கிடப்பதற்கு இவை ஒரு முக்கியக் காரணம். ஸ்வீடனில் ஹான்ஸ் போமன் குழுவினர் ஒரு பெரிய பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்து, அதன் ரத்தத்திலிருந்து செக்ரோபின் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்து 1981இல் வெளியிட்டார்கள். மனித வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களிலிருந்து டிஃபென்சின் என்ற பெப்டைடுகளை லாஸ் ஏஞ்சலிஸில் தாமஸ் கான்ஸ், மைக்கேல் செல்ஸ்டெட், ராபர்ட் லேரர் ஆகியோர் பிரித்தெடுத்தது 1985இல்.

நியூட்ரோஃபிலைத்தான் நான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் சரக்கு அதிகம் இருப்பது அங்கேதான். நம் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்து ரத்தத்தில் இறக்குகிறது. ஒரு சீழ்க்கட்டியிலிருந்து எடுத்த துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, கிராம் சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்த்தால் இளஞ்சிவப்பாக, மூன்று நான்கு மடலாகப் பிரிந்த உட்கருவோடு திரள் திரளாகக் கிடப்பவை இவையே. சிலவற்றின் வயிற்றுக்குள் ஊதா நிறத்தில் திராட்சைக்கொத்துப் போல ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தெரியும். சீழ் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் கடமை முடிந்து செத்த நியூட்ரோஃபில்கள்தான்.

இந்த அணுவின் உடலெங்கும் நுண்ணிய பைகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, சாயத்தில் நீலச்சிவப்பாகத் தெரியும் அசுரோஃபில் பைகள். அவற்றிலுள்ள மொத்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை டிஃபென்சின்களே. 29, 30 அமினோ அமிலங்கள், நடுவே மூன்று கந்தகப் பிணைப்புகள். அதனால் எளிதில் குலையாத, இறுக்கமான சிறு மூலக்கூறு. இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு: ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த நியூட்ரோஃபில் டிஃபென்சினைத் தயாரிப்பதே இல்லை. மஜ்ஜையில் இளம்பருவத்தில் இருக்கும்போதே தயாரித்து, பைகளில் அடைத்து, தயாரிப்பை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதுவும் டிஃபென்சினை அப்படியே தயாரித்தால் தயாரிக்கும் செல்லுக்கே ஆபத்து என்பதால், அதன் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்யும் எதிர்மின்னூட்ட வால் ஒன்றோடு சேர்த்து நீளமாகத் தயாராகிறது. பைக்குள் பத்திரமாகப் போய்ச் சேரும் வேளையில் வால் வெட்டப்படுகிறது.

இன்னொரு பெப்டைடு குடும்பம் காத்தலிசிடின். அதில் மனிதர்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். எல்.எல்.-37 என்று பெயர், 37 அமினோ அமிலங்கள். இதற்கான ஏற்பாடு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. செயலற்ற நீண்ட புரதமாக அது ஒரு வகைப் பையில் கிடக்கிறது. அதை வெட்டி எழுப்ப வேண்டிய புரோட்டினேஸ்-3 என்ற நொதி அசுரோஃபில் பையில் கிடக்கிறது. பட்டாசை ஓர் அறையிலும் தீப்பெட்டியை இன்னோர் அறையிலும் வைப்பது போல. செல் தூண்டப்பட்டு இரண்டு பைகளும் வெளியே கொட்டப்படும்போதுதான் அவை சந்திக்கின்றன, எல்.எல்.-37 உயிர்பெறுகிறது. கிருமியை விழுங்கும் இன்னொரு வகைச் செல்லான மேக்ரோஃபேஜ்களும், மாஸ்ட் செல்களும் தோல் செல்களும்கூட இதைத் தயாரிக்கும்; சிறுகுடல் சுவரின் நுண்குழிகளின் அடியில் இருக்கும் பானெத் செல்கள் தமக்கென வேறு இரண்டு டிஃபென்சின்களை வைத்திருக்கின்றன.

இனி, கொலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. பெப்டைடுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை, எல்.எல்.-37க்கு அது +6. ஆகவே ஈர்ப்பு இயல்பாகவே நிகழ்கிறது. ஈ.கோலி போன்ற கிருமியின் வெளிச்சவ்வில் கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் இருக்க மெக்னீசியமும் கால்சியமும் இடையில் நின்று பிடித்துக்கொண்டிருக்கும். பெப்டைடு வந்து அவற்றை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. அங்கே சவ்வு நெகிழ்கிறது. அந்த வழியே மேலும் பெப்டைடுகள் நுழைகின்றன. நீரில் ஒழுங்கின்றி நெளிந்துகொண்டிருந்த எல்.எல்.-37 சவ்வைத் தொட்டதும் சுருள் வடிவம் எடுக்கிறது. சுருளின் ஒரு பக்கம் மின்னூட்டம், மறுபக்கம் எண்ணெய்த் தன்மை. எண்ணெய்ப் பக்கம் சவ்வின் கொழுப்புக்குள் அமிழ்கிறது. போதுமான எண்ணிக்கையில் சேர்ந்தால் சவ்வு துளைபட்டோ தளர்ந்தோ போகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. சவ்வின் குறுக்கே கிருமி காத்துவந்த மின்னழுத்தம் சரிகிறது. அந்த மின்னழுத்தம் போனால் அதன் ஆற்றல் உற்பத்தியே நின்றுவிடும்.

துளை பீப்பாய் போன்றதா, சவ்வே வளைந்து உருவாவதா, அல்லது துளையே இல்லாமல் பெப்டைடுகள் கம்பளமாகப் பரவிச் சவ்வைக் கரைக்கின்றனவா என்று பாடநூல்களில் மூன்று படங்கள் போட்டு மாணவர்களை மிரட்டுவார்கள். ஒரே பெப்டைடு செறிவைப் பொறுத்தும் சவ்வைப் பொறுத்தும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் அந்தச் சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அதைவிடச் சுவையான காட்சி ஒன்றை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2011இல் படம்பிடித்தார்கள். ஒளிரும் சாயம் கட்டிய எல்.எல்.-37ஐ உயிருள்ள ஈ.கோலி மீது பாய்ச்சி, ஒவ்வொரு செல்லாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த செல்கள் முதலில் வீழ்ந்தன, அதுவும் நடுவில் சுவர் எழும்பும் இடத்திலிருந்து. உள்சவ்வு உடையும் முன்பே, பெப்டைடு வெளிச்சவ்வைத் தாண்டி இடைவெளிக்குள் நுழைந்த உடனேயே, வளர்ச்சி நின்றுவிட்டது. துளை போட்டுத்தான் கொல்கிறது என்பது பாதிக் கதைதான் என்று அன்றே தெரிந்துவிட்டது. டிஃபென்சின்களில் சில சவ்வை விட்டுவிட்டு, செல்சுவர் கட்டப் பயன்படும் லிப்பிட்-2 என்ற மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு கட்டுமானத்தையே நிறுத்துகின்றன. ஏறக்குறைய வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் செய்கிற வேலை.

நம் செல்களை ஏன் விட்டுவைக்கின்றன? நம் செல் சவ்வின் வெளி அடுக்கு பெரும்பாலும் மின்னூட்டச் சமநிலை கொண்ட கொழுப்புகளால் ஆனது. எதிர்மின்னூட்டக் கொழுப்புகளை உள்பக்கமே வைத்திருக்கிறோம். போதாததற்குக் கொலஸ்டிரால் சவ்வை இறுக்கிக் கட்டியிருக்கிறது. கொலஸ்டிரால் என்றாலே பகை என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுமையானது இல்லை. செறிவு கூடினால் எல்.எல்.-37 நம் செல்களையும் கொல்லும். கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம்மைத் தாக்கும் அளவுக்கும் இடையே இருக்கும் இடைவெளி, பென்சிலினுக்கு இருப்பதைப் போல அகலமானதில்லை.

ஆகவே உடல் செய்திருக்கும் உண்மையான தந்திரம் பெப்டைடின் வேதியியலில் இல்லை, அதை எங்கே திறப்பது என்பதில் இருக்கிறது. இதுதான் என் பதிலின் மையம். நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கியதும் கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடுகிறது. அந்தப் பைக்கும் கிருமிக்கும் இடையே திரவம் இருக்க இடமே இல்லை என்று சொல்லலாம். அதற்குள் அசுரோஃபில் பைகள் வந்து ஒட்டித் தம் சரக்கைக் கொட்டுகின்றன. அவ்வளவு சின்ன இடத்தில் டிஃபென்சினின் செறிவு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போகிறது. சோதனைக்குழாயில் கிருமியைக் கொல்ல மைக்ரோகிராம்களே போதும். ரத்த பிளாஸ்மாவில் எல்.எல்.-37இன் மூலப்புரதம் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில்தான் ஓடுகிறது. அதுவும் கொழுப்புப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, செயலற்று. ரத்தத்தில் இருக்கும் உப்பும் புரதங்களும் இவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். அடைத்த அறைக்குள் கொலைகாரன். வெளியே வந்தால் சாது.

2018இல் ஈ.கோலி மீது செய்த ஓர் ஆய்வு இதை இன்னொரு கோணத்தில் காட்டியது. எல்.எல்.-37 ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்து கொன்ற பிறகு வெளியே வருவதில்லை. செத்த செல்லே பெப்டைடை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அப்படி முதலில் செத்தவை மருந்தைக் குடித்துத் தீர்க்க, மீதமுள்ளவை வளர்ந்துவிடுகின்றன. அதாவது மொத்தச் செறிவைவிட, ஒரு கிருமிக்கு எத்தனை பெப்டைடு என்ற விகிதம்தான் கணக்கு. ஒன்றிரண்டு கிருமிகளை ஒரு பைக்குள் அடைத்து அதன் மேல் மொத்தச் சரக்கையும் கொட்டும் நியூட்ரோஃபிலின் முறை இந்தக் கணக்குக்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

விழுங்க முடியாத அளவுக்குக் கிருமி பெருகியிருந்தாலும் வேறு வழி இருக்கிறது. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆர்டுரோ சிக்லின்ஸ்கியின் குழு 2004இல் காட்டியது: நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி, அதில் கிருமிக்கொல்லிப் புரதங்களை ஒட்டவைத்துவிடுகிறது. கிருமி சிக்கும் இடத்திலேயே மருந்தின் செறிவும் இருக்கும். மறுபடியும் அதே தந்திரம்தான். செல்லுக்குள் பதுங்கும் காசநோய்க் கிருமி, தொழுநோய்க் கிருமி போன்றவற்றுக்கு டி-செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் கிரானுலைசின் என்ற இன்னொரு சிறு புரதத்தை வைத்திருக்கின்றன. பெர்ஃபோரின் என்ற புரதம் துளையிட, அதன் வழியே கிரானுலைசின் உள்ளே போய்க் கிருமியை எட்டுகிறது.

இவையெல்லாம் சோதனைக்கூடக் காட்சிகள்தானே, மனித உடலில் இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயம். அதற்கு வட ஸ்வீடனில் பதில் கிடைத்தது. 1956இல் ரோல்ஃப் கோஸ்ட்மன் என்ற மருத்துவர், பிறவியிலேயே நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லாத குழந்தைகளை அங்கே சில குடும்பங்களில் கண்டு விவரித்தார். அந்தக் குழந்தைகள் கடும் தொற்றுகளில் இறந்துபோவார்கள். பின்னாளில் மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி வந்தது. கீமோதெரபியில் வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு நம் ஊரிலும் போடுகிறார்களே, அதே ஊசி. நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறியது, குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் ஒரு விசித்திரம்: அவர்களுக்கு ஈறு நோய் விடாமல் வந்தது. சிறு வயதிலேயே பல் ஆடியது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது ஏன்? 2002இல் அந்த நியூட்ரோஃபில்களைப் பிரித்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. எல்.எல்.-37 அவற்றில் இல்லவே இல்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளிக்கு மட்டும் எல்.எல்.-37 இயல்பாக இருந்தது; அவருக்கு ஈறு நோயும் இல்லை. ஒரு நோயாளியை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாதுதான். ஆனால் பாப்பியோன்-லெஃபெவ்ர் நோய் என்ற இன்னொரு பிறவிக் குறையிலும் இதே ஈறு அழிவைப் பார்க்கிறோம். அங்கே குறை எல்.எல்.-37இல் இல்லை, அதை வெட்டி எழுப்பும் நொதிகளில். இரு வழியாகவும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

அதற்காக இந்தப் பெப்டைடுகளே எல்லாம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாள்பட்ட கிரானுலோமா நோய் உள்ள குழந்தைகளுக்கு டிஃபென்சின்கள் இருக்கின்றன. ஆக்சிஜனிலிருந்து நச்சு மூலக்கூறுகளை உருவாக்கும் நொதிதான் வேலை செய்யாது. அவர்களுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. பல ஆயுதங்கள் ஒன்றாகப் பாய்வதால்தான் பலன். சோதனைக்குழாயில் தனியாக வைத்துப் பார்க்கும்போது எந்த ஒன்றும் முழுப் பெருமைக்கு உரியதாகத் தோன்றிவிடும்.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சுவரில் அலனைனையும் சவ்வுக் கொழுப்பில் லைசினையும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாலும் வெளிப்பரப்பின் எதிர்மின்னூட்டம் குறைகிறது, பெப்டைடுக்குப் பிடிப்பு போகிறது. அந்த மரபணுக்களை நீக்கிவிட்டால் அதே கிருமி எலிகளில் வலுவிழந்து போகிறது. சால்மோனெல்லாவின் உணர்வி ஒன்று பெப்டைடையே நேரடியாக உணர்ந்து, "விழுங்கப்பட்டுவிட்டோம்" என்று கண்டுகொண்டு சவ்வை மாற்றிக்கொள்கிறது. எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஷிகெல்லா. ரத்தபேதி உண்டாக்கும் கிருமி. வங்கதேசத்தின் டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையமும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து, நோயாளிகளின் மலக்குடல் திசுவைப் பரிசோதித்து 2001இல் வெளியிட்டார்கள்: நோய் தொடங்கிய நாட்களில் குடல் செல்கள் எல்.எல்.-37 தயாரிப்பதையே ஷிகெல்லா அணைத்துவிடுகிறது. எதிர்த்து நிற்பதற்குப் பதில், ஆயுதக் கிடங்கையே பூட்டும் வழி. அதே குழு 2006இல் முயல்களுக்கு பியூட்டிரேட் கொடுத்து, அணைந்த மரபணு மீண்டும் விழித்துக்கொள்வதையும் நோய் தணிவதையும் காட்டியது. நார்ச்சத்தைத் தின்று நம் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உருவாக்கும் கொழுப்பு அமிலம்தான் பியூட்டிரேட்.

இவை அளவுக்கு மீறினாலும் தொல்லை உண்டு. சோரியாசிஸ் திட்டுகள் வெடித்துச் செதில் உதிர்ந்தாலும் அவற்றில் கிருமித்தொற்று அரிது என்பதைக் கவனித்த ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், அந்தச் செதில்களைத் திரட்டிச் சாறெடுத்து, ஈ.கோலி பாக்டீரியாவையே தூண்டில் போலப் பயன்படுத்தி, அதில் ஒட்டியதைப் பிரித்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் பீட்டா-டிஃபென்சின்-2, 1997இல். தோல் எக்ஸிமாவில் இதற்கு நேர்மாறு: பெப்டைடு குறைவு, ஸ்டாஃபிலோகாக்கஸ் தாராளம். ஆனால் சோரியாசிஸில் இந்த மிகுதி பாதுகாப்போடு நிற்பதில்லை. செத்த செல்களிலிருந்து சிதறும் நம் சொந்த டி.என்.ஏ.வோடு எல்.எல்.-37 சேர்ந்து கட்டியாகி, அதை வைரஸ் டி.என்.ஏ. என்று நோயெதிர்ப்பு செல்கள் ஏமாறும்படி செய்துவிடுகிறது; இண்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் கிளம்புகிறது, அழற்சி தொடர்கிறது. 2007இல் இது தெரியவந்தபோது, "இயற்கை ஆன்டிபயாட்டிக், எவ்வளவு கூடினாலும் நல்லது" என்ற பேச்சு அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

இனி மூன்றாவது கேள்வி. 1987இல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்த ஆப்பிரிக்கத் தவளைகள் அழுக்குத் தொட்டிநீரிலும் புண் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கண்டு, அவற்றின் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைடைப் பிரித்தார். ஒரு நிறுவனம் எழும்பியது. மகைனினைச் சற்றே மாற்றி பெக்ஸிகனான் என்ற பூச்சுமருந்து, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு. வாயால் சாப்பிடும் ஓஃப்ளாக்சசின் மாத்திரையோடு ஒப்பிட்டு சோதித்தார்கள். பழைய மாத்திரையைவிட எந்த விதத்தில் மேல் என்று காட்ட முடியாததால் 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. மீண்டும் ஒரு கம்பெனி எடுத்து நடத்திய பெரிய சோதனைகளும் 2016இல் தோற்றன. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கால்புண் என்பது திறந்த வெளி. திசுநீரும் உப்பும், புரதத்தை வெட்டும் நொதிகளும் நிறைந்த சேறு. மூடிய பைக்குள் மில்லிகிராம் கணக்கில் பாய்வதற்கென்று உருவான பொருளைக் களிம்பில் குழைத்துப் பூசினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. ஊசியாக ரத்தத்தில் செலுத்தினாலோ புரதங்களோடு ஒட்டும், நொதிகள் வெட்டும், அளவைக் கூட்டினால் நம் செல்களைத் தாக்கும். தயாரிப்புச் செலவும் சாதாரண ஆன்டிபயாட்டிக்கைவிட மிக அதிகம்.

விலங்குகளிடமிருந்து எடுத்தவை தோற்ற இடத்தில் பாக்டீரியாவிடமிருந்து எடுத்த பெப்டைடுகள் வென்றிருக்கின்றன. கொலிஸ்டின் அதில் ஒன்று. மற்ற மருந்துகள் கைவிட்ட கிருமிகளுக்கு ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுப்பது. எதிர்மின்னூட்டச் சவ்வில் ஒட்டி, மெக்னீசியத்தை விலக்கி நுழையும் அதே வழிதான் அதற்கும். இதை உலகின் பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்தோம். 2015இல் சீனாவிலிருந்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எம்.சி.ஆர்.-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றிய செய்தி வந்தது. இந்தியா உணவுக்கான விலங்குகளுக்கு இதைப் பயன்படுத்துவதை 2019இல் தடைசெய்தது. தடை ஏன் அவசியமானது என்பதற்கு 2023இல் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இன்னொரு காரணத்தைக் கொடுத்தது: எம்.சி.ஆர்.-1 கொண்ட ஈ.கோலி, விலங்குகளின் சொந்தப் பெப்டைடுகளையும் கூடுதலாகத் தாங்குகிறது. மருந்தைத் தோற்கடிக்கக் கற்றுக்கொண்ட கிருமி, நம் வெள்ளை அணுவையும் கொஞ்சம் தோற்கடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பெப்டைடை மருந்தாக்கும் ஒவ்வொரு திட்டத்தையும் இந்தக் கேள்வியோடுதான் நான் பார்க்கிறேன்.

இப்போது வைட்டமின் டி. அறிவியல் அடிப்படை திடமானது. 2006இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் மோட்லின் குழு காட்டியது இது: காசநோய்க் கிருமியின் கூறுகளை உணர்ந்த மேக்ரோஃபேஜ், ரத்தத்தில் ஓடும் வைட்டமின் டி-யைத் தானே செயல்வடிவுக்கு மாற்றுகிறது, அது எல்.எல்.-37 மரபணுவைத் தூண்டுகிறது. உள்ளிருக்கும் கிருமி குறைகிறது. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களின் சீரத்தில் வளர்த்த செல்கள் இதைச் சரியாகச் செய்யவில்லை. வைட்டமினைச் சேர்த்ததும் செய்தன. எலிகளிடம் இந்த இணைப்பே கிடையாது. மனிதனும் குரங்குகளும் அடங்கிய பிரைமேட் இனங்களுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு. காசநோயாளிகளை வெயிலில் கிடத்திய சானடோரிய காலத்துக்கும், தோல் காசநோய்க்கு ஒளிச்சிகிச்சை கொடுத்து 1903இல் நோபல் பெற்ற நீல்ஸ் ஃபின்சனுக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள்.

அடுத்து மனிதர்களில் சோதித்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பங்கேற்று 2015இல் வெளியான இந்தியச் சோதனையில், காசநோய் மருந்தோடு வைட்டமின் டி-யும் பெற்றவர்களின் சளி, வெற்று மாத்திரை பெற்றவர்களுடையதைவிட விரைவாகக் கிருமி நீங்கவில்லை. நோய் வந்தபின் கொடுத்தால் தாமதம், வருமுன் கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளுக்கு, பெரும்பாலோர் வைட்டமின் டி குறைபாடு உள்ளவர்கள், மூன்றாண்டு வாராவாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: காசநோய்த் தொற்று இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். ரத்தத்தில் அளவு ஏறியது, பலன் ஏறவில்லை. மேக்ரோஃபேஜ் தனக்குத் தேவையானபோது தேவையான இடத்தில் மாற்றிக்கொள்ளும் ஒன்றை, வெளியிலிருந்து நிரப்புவதால் மட்டும் இயக்கிவிட முடியாது என்பதே என் வாசிப்பு.

எனவே எலும்புக்காகவோ, பரிசோதனையில் குறைபாடு தெரிந்தோ மருத்துவர் எழுதியிருந்தால் சாப்பிடுங்கள். "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று ஒட்டிய டப்பாவுக்காக வேண்டாம். ஒரு எச்சரிக்கை: நம் கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் மாத்திரையும் பொடிப் பொட்டலமும் பெரும்பாலும் வாரம் ஒன்று என்ற கணக்கில், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுபவை. அதைத் தினம் ஒன்று என்று மாதக்கணக்கில் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகக் கோளாறு என்று வந்து சேர்பவர்கள் உண்டு. சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால், எந்தச் சத்து மாத்திரை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்த மருந்தை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள்.